மகதலேனா வரைக்கும் சத்தியம்

உருவாப்பன் ஊரின் மேட்டுத் தெருவில் நாபோர் எகிவாவை யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "எதுவரைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அவனும் தோளில் இருக்கிற கேஸ் சிலிண்டரை இறக்காமலே, "மகதலேனா வரைக்கும்" என்பான். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட மாதிரி.

விசாரித்தது அவனுடைய சத்தியத்தை; மகதலேனா என்பது ஜூலை இருபத்திரண்டில் வருகிற ஊர்த் திருவிழா. குடியை விட நினைக்கிற ஆண்பிள்ளைகள் அந்த ஊரில் கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, இன்ன தேதிவரை தொடமாட்டேன் என்று சாமியாரைச் சாட்சி வைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். சாமியார் ஒரு சின்ன மாதா படத்தின் பின்பக்கம் அந்தத் தேதியை எழுதிக் கொடுப்பார். படம் சட்டைப் பையில் இருக்கும்வரை எவனும் கிளாசை நீட்டமாட்டான். நீட்டினால் பாவம் நீட்டினவனுக்கு. பேரம் பேசுகிறவர்களும் உண்டு. தங்கச்சி கல்யாணம் நீங்கலாக, பந்தாட்ட இறுதிப் போட்டி நீங்கலாக என்று கேட்பார்கள். சாமியார் அதையும் எழுதித் தொலைப்பார். எழுதாவிட்டால் அந்தச் சத்தியமும் இல்லாமல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

நாபோர் சலுகை கேட்டதே கிடையாது. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். சொந்த மகளின் கல்யாணத்தில் ரம்மில் ஊறின கேக்கைக் கொண்டுவந்து வைத்தபோது, மோந்து பார்த்துவிட்டுத் தட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினவன் அவன். இருமல் மருந்து வாங்கினால், புட்டியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரனைச் சத்தமாகப் படிக்கச் சொல்வான். பின்னால் நிற்கிற கூட்டம் பொறுமையாகக் காத்திருக்கும். தெருத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அவனைக் காட்டி, "வார்த்தைன்னா அந்த கேஸ்காரர் வார்த்தைடா" என்பார்கள்.

சத்தியம் முடிகிற நாளைப் பற்றி மட்டும் அவர்கள் பிள்ளைகளிடம் பேசுவதில்லை.

அந்த நாளில் விடியும்போதே தொரிபியோ வந்துவிடுவான். நாபோரின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தகப்பன் அவன். அந்த ஊரில் அந்த உறவு கூடப்பிறந்ததைவிடக் கனம். கையில் சரண்டா பாட்டில் இருக்கும். உருவாப்பன் மலைக் கரும்பில் காய்ச்சுகிற சாராயம் அது. பின்னால் ஒரு டிரம்பெட்காரன், பெரிய பித்தளைக் குழலைத் தோளில் சுற்றிக்கொண்ட இன்னொருவன். ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவனை வரவேற்கிற தினுசில் வாசலில் நின்று ஊதுவார்கள். நாபோர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, தேய்த்த சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பான். முதல் கிளாஸ் ஒரே மடக்கு. எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு வருஷம் வார்த்தையைக் காப்பாற்றினவனுக்குக் கைதட்டாமல் என்ன செய்வது?

அதற்கப்புறம் மேட்டுத் தெருவில் "கேஏஏஸ்" என்கிற குரல் கேட்காது. சிலிண்டர் தீர்ந்த வீட்டுக்காரிகள் பக்கத்து வீட்டு அடுப்பில் மொச்சையை வேகவைத்துக்கொண்டு, "நாபோர் லீவு" என்பார்கள். அந்த லீவு சில வருஷம் மூன்று வாரம் ஓடும், சில வருஷம் ஐந்து.

போன வருஷ லீவு மோசமாகப் போனது. போதுமென்று அவனே ஒரு நாள் திடுதிப்பென்று நிறுத்தினான். கை நடுங்க ஆரம்பித்தது. அடுத்த நாள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து எறும்பு வருகிறது என்று துடைப்பத்தால் அதை அடித்தான். அதற்கடுத்து முற்றத்தில் வலிப்பு வந்து விழுந்தான். மனைவி எதெல்மிராவும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகளும் அவனைக் கேஸ் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் எதெல்மிராவைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லீரல் இன்னொரு தடவை இதைத் தாங்காது என்று சொன்னார். நாபோர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பட்டியைக்கூடக் கழற்றாமல் நேராகக் கோயிலுக்குப் போய், அடுத்த ஜூலை மகதலேனா திருவிழா வரைக்கும் என்று சத்தியம் பண்ணினான். எறும்பை மாதாதான் அனுப்பினாள் என்பது அவன் முடிவு. நினைவூட்டல் என்று எடுத்துக்கொண்டான்.

ஒரு வருஷம் ஓடியது. சிலிண்டர், மாடிப்படி, நாய், "எதுவரைக்கும்?" ஜூன் மாதம் மழை பிடித்ததும் அவன் கூரைத் தகரத்தை மாற்றினான். வீட்டுக்கு இரண்டு சிலிண்டரை நிரப்பி வைத்தான். ஒரு மூட்டை மக்காச்சோளம் இறக்கினான். ஏணியிலிருந்து இறங்கி வந்தவனைப் பார்த்து எதெல்மிரா கேட்டாள்.

"முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டியாமே. அவர் பொண்டாட்டி சொன்னா."

"திருவிழா வருதுல்ல."

"திருவிழா ஒரு நாள். நீ கேட்டது ஒரு மாசம்."

நாபோர் ஏணியைச் சுவரோரம் சாய்த்தான். கேட்டது அவன்தான். முதலாளி, "போன தடவை மாதிரியா, அதுக்கும் மேலயா?" என்று கேட்டபோது, "போன தடவை மாதிரிதான்" என்று பதில் சொன்னதும் அவன்தான். அப்போது அவன் வாயில் ஒரு சொட்டு சாராயம் இல்லை. ஒரு வருஷமாக இல்லை.

"ஊருக்குப் போறவன் சாமான் கட்டுற மாதிரி கட்டுற," என்றாள் எதெல்மிரா. "இந்தத் தடவை போனா திரும்பி வரமாட்ட. டாக்டர் சொன்னதை உன்கிட்டச் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு அழவில்லை. மொச்சையைக் கிளறப் போய்விட்டாள். அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பயம் வந்தது. சாவைப் பற்றிய பயம் கூட இல்லை. தானே தனக்குத் தெரியாமல் லீவு கேட்டிருக்கிறானே, அந்தப் பயம்.

முதலில் சாமியாரிடம் போனான். சாமியார் மேசை இழுப்பறையைத் திறந்து மாதா படம் ஒன்றை எடுத்துவிட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் போட்டுடலாமா, நாபோர்?"

"போட்டா இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பேன், சாமி. அவ்வளவுதான்."

"அப்ப ஆயுசு முழுக்கன்னு சொல்லிடு."

"ஆயுசு முழுக்கன்னா தொரிபியோ பாட்டிலோட கல்லறைக்கு வருவான். டிரம்பெட்டும் கூட்டிட்டு வருவான்."

சாமியார் சிரிக்கப் போய்ச் சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார். படத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். "என்னால தேதி எழுதத்தான் முடியும்," என்றார். "இது வியாதின்னா வைத்தியம் பாக்கணும்ப்பா. நான் வைத்தியன் இல்ல."

வைத்தியம் எங்கே இருக்கிறது என்பது சாமியாருக்கும் தெரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது சந்தைக்குப் பின்னால் இருக்கிற அனெக்ஸோதான். குடிகாரர்களை உள்ளே போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்கிற வீடு. வீட்டார் போன் பண்ணினால் வேன் வரும், நான்கு பேர் இறங்கித் தூக்கிப் போவார்கள். வேன் வராமல் சொந்தக் காலில் நடந்து அந்தக் கதவைத் தட்டின முதல் ஆள் நாபோராக இருக்கலாம். அதை நடத்துகிற எல்பிடியோ கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்தான். ஒரு காலத்தில் அவனும் குடித்தவன், இப்போது குரலிலேயே பெல்ட் வைத்திருக்கிறவன்.

"யாரைச் சேர்க்கணும்?"

"என்னை."

"கடைசியா எப்பக் குடிச்ச?"

"போன வருஷம்."

"கிண்டலா பண்ற?"

"இல்லண்ணே. இருபத்திரண்டாம் தேதி குடிக்கப் போறேன். அதுக்கு முந்தி ஏதாவது பண்ண முடியுமான்னு..."

எல்பிடியோ கதவைத் திறக்கவில்லை. "ஒரு வருஷம் தொடாதவனை உள்ள போட்டா, இருக்கிறவனெல்லாம் என்னைக் கேள்வி கேப்பான். குடிச்சிட்டு வா, சேத்துக்கறேன். வேன் அனுப்பறேன், காசு வேணாம்." பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "வந்தது வந்துட்ட. பசங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயேன். ஒரு வருஷம் எப்படி இருந்தன்னு."

உள்ளே மொட்டையடித்த தலைகள் பெஞ்சுகளில் வரிசையாக இருந்தன. நாபோரை ஒரு மேடையில் ஏற்றிவிட்டார்கள். உதவி கேட்டு வந்தவன் உபதேசம் பண்ணினான். பையில் படத்தை எப்படி வைத்திருப்பது, கேக்கை எப்படி மோந்து பார்ப்பது, எல்லாம் சொன்னான். ஆசை வந்தால் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். பின் பெஞ்சிலிருந்து பல்லில்லாத ஒருவன் கை தூக்கி, "தேதி வந்துட்டா எதைண்ணே நினைக்கிறது?" என்று கேட்டான். எல்பிடியோ அவனை உட்காரச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். தொரிபியோ வருகிற நாளில் வாசலில் கேட்கிற அதே கைதட்டல். நாபோர் வெளியே வந்து சந்தைச் சுவரில் சாய்ந்து நின்றான். காது சுட்டது.

அரசாங்கத்து மனநல மையம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தது எதெல்மிரா. தடுப்பூசி போடுகிற நர்ஸ் ஒருத்தியிடம் விசாரித்திருக்கிறாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மாடி. நாபோர் பல வருஷமாக அந்த டயர் கடைக்குத்தான் கேஸ் வண்டியை ஓட்டிப் போகிறான். ஒரு நாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

மையத்தின் பதிவுச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவள் சூயிங்கம் மென்றுகொண்டே கேட்டாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"குடிக்கு."

"இப்பக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"நேத்து?"

"ஒரு வருஷமா இல்ல."

"அப்ப நல்லாத்தான இருக்கீங்க. எதுக்கு எங்களைப் படுத்தறீங்க?"

"அவரு குடிக்க ஒரு மாசம் லீவு போட்டிருக்காரு," என்றாள் எதெல்மிரா. "முதலாளியும் குடுத்துட்டாரு."

மெல்லுவது நின்றது. பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கேலியாக இல்லை, அசந்துபோன சிரிப்பு. டாக்டர் யுனுவேன் கையில் பாதி தின்ற கொருண்டாவோடு வெளியே வந்தாள். சோளமாவை முக்கோணமாகப் பிடித்து இலையில் வேகவைத்த அதை, ஓடிக்கொண்டே சாப்பிடுகிற வயசு அவளுக்கு. "உள்ள வாங்க," என்றாள். "இங்க எல்லாரும் அப்புறம்தான் வருவாங்க. முன்னாடி வந்தவங்களை நான் பாத்ததில்ல."

நாபோர் தன் சத்தியங்களின் கதையைச் சொன்னான். பெருமையாகத்தான் ஆரம்பித்தான். லீவுக்கு வந்ததும் குரல் இறங்கியது. முடித்ததும் அவனே கேட்டான்.

"குடிகாரன்னா நிறுத்த முடியாதவன்தானே, டாக்டரம்மா? என்னால முடியுதே."

"நிறுத்த முடியுது. நிறுத்தினபடியே இருக்க முடியல. சத்தியம் உங்க கையைக் கட்டுது. தலையைக் கட்டல. தலை வருஷம் முழுக்கக் கடை வாசல்ல வரிசையில நிக்குது, எப்பத் திறப்பாங்கன்னு. அதான் லீவு கேட்டிருக்கு."

நாபோர் எதெல்மிராவைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த ஈரலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எறும்பு?"

"அது மாதா அனுப்பினது இல்ல. வாரக்கணக்கா குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா அப்படித்தான் ஆகும். வலிப்பும் அதனாலதான். அதுல உயிரே போகும். அந்த மாதிரி நிறுத்தணும்னா எங்ககிட்ட வந்து படுத்துத்தான் நிறுத்தணும். வீட்ல இல்ல, அனெக்ஸோவுலயும் இல்ல."

ரத்தம் எடுத்தார்கள். ஈரலுக்குக் கெடுதல் இல்லாத, ஆசையைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற மாத்திரை ஒன்று மாநிலத் தலைநகர் மொரேலியாவிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மழையில் மலைச்சாலை சரிந்ததால் அது தாமதமாகி, திருவிழாவுக்குச் சில நாள் முன்னால்தான் வந்தது. அதுவரை வியாழக்கிழமை தோறும் பின்னறையில் கூடுகிற கூட்டத்துக்கு வரச் சொன்னாள் டாக்டர். ஒரு டாக்சிக்காரன், அவகாடோ தரம் பிரிக்கிற இரண்டு பெண்கள், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அவ்வளவுதான் கூட்டம். நாபோர் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் திரும்பி வருவான்.

மாத்திரையை வாங்கும்போதுதான் கேட்டான்.

"இது எதுவரைக்கும், டாக்டரம்மா?"

"தேதி கிடையாது."

"தேதி இல்லாம எப்படி?"

"உங்களுக்குச் சர்க்கரை வியாதின்னு வைங்க. மாத்திரை எதுவரைக்கும்னு கேப்பீங்களா?"

"கேப்பேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. தேதி இல்லாத வெளியில் அவன் இதுவரை ஒரு நாள் கூட நின்றதில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. அதை டாக்டருக்குப் புரியவைக்க முடியுமா என்று தெரியாமல் சொல்லாமல் வந்தான். சத்தியத்தில் இருக்கிறேன் என்றால் தெருவே வழிவிடும். சத்தியம் இல்லாமல், மகளின் ஞானத்தகப்பன் ஊற்றிக் கொடுக்கிற கிளாசைத் தள்ளினால் அது அவன் முகத்தில் துப்பின கணக்கு.

இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமையாக வந்தது. கோயில் பக்கம் காகிதப் பூ கட்டின மாடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. வாசலில் டிரம்பெட் ஊதியது. நாபோர் வெளியே வந்தான். தலை சீவியிருந்தான், பழக்கம்.

"வாடா மச்சான், வெளிய வா," என்றான் தொரிபியோ. கிளாசில் ஊற்றியாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரிகள் மாடியில் வந்து நின்றார்கள்.

"வேணாம், மச்சான்."

தொரிபியோ டிரம்பெட்காரனைக் கையமர்த்தினான். "மறுபடி சத்தியம் பண்ணிட்டியா? சொல்லவே இல்ல."

எதெல்மிரா பின்னாலிருந்து மெதுவாக, "ஆமான்னு சொல்லேன்" என்றாள். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் தொரிபியோ தொப்பியைக் கழற்றி மரியாதை பண்ணிவிட்டுப் போயிருப்பான். மாடியில் நின்றவர்களும் மெச்சியிருப்பார்கள். நாபோர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியம் ஒண்ணும் பண்ணல. எனக்கு உடம்பு சரியில்ல, மச்சான். நான் குடிகாரன். வைத்தியம் பாக்கறேன்."

பித்தளைக் குழல்காரன் சிரித்துவிட்டான். ஒரு வருஷம் சொட்டு தொடாதவன் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

"நீ குடிகாரனா? அப்ப நாங்கல்லாம் யாரு?" என்றான் தொரிபியோ. "நான் என்ன உனக்கு விஷமா கொண்டாந்தேன்? ஒரு வருஷம் எடுத்து வச்ச பாட்டில்டா இது."

"தெரியும்."

"அப்ப எதுவரைக்கும்?"

"தெரியல. இன்னிக்கு இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கேளு. சொல்றேன்."

தொரிபியோ அந்தக் கிளாசைத் தானே குடித்தான். பாட்டிலை மூடி மதில் மேல் வைத்தான். "தாகமெடுத்தா இருக்கு, டாக்டர் சார்," என்று சொல்லிவிட்டு ஊதுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான். கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஊத ஆரம்பித்தார்கள். மாடிக்காரிகள் துணி காயப்போட வந்தவர்கள் மாதிரி கலைந்தார்கள்.

மதில் மேல் பாட்டில் இருந்தது. வெயில் அதன் வழியாக விழுந்து தரையில் ஒரு மஞ்சள் கோடு ஆடியது. நாபோர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த நேரம் அதிகமென்று எதெல்மிராவுக்குத் தோன்றியது. அவள் அதை எடுத்து வாய்க்காலில் கொட்டப் போனாள்.

"கொட்டாத. அது அவனோடது. திருப்பிக் குடுத்துரலாம்."

"நீ கொண்டு போய்க் குடுத்துட்டு வா. அப்படியே சமாதானமும் பண்ணிக்க."

நாபோர் கையை நீட்டினான். நீட்டின கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீ எடுத்துக்க," என்றான். "என்கிட்ட குடுக்காத. என்னை நம்பாத, எதெல்மிரா."

மேட்டுத் தெருவிலேயே வார்த்தைக்குப் பேர்போனவன் இதைத் தன் வாயால் சொன்னான். அவள் பாட்டிலைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். சால்வையிலிருந்து பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. தெருவின் அந்த ஓரம் அவளும் பாட்டிலும், இந்த ஓரம் நாபோர். நடுவில் பூ கட்டின மாடுகளும் பாவாடை சுழற்றி ஆடுகிற பெண்களும் போனார்கள். சால்வையைப் பார்த்த ஒருத்தி, "காலையிலயேவா, எதெல்மிரா?" என்றாள். "உனக்கும் வேணுமா?" என்றாள் இவள்.

தொரிபியோ பன்றிக் கறிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தான். எதெல்மிரா பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

"அவன் அனுப்பினானா?"

"ஆமா."

"அவனே கொண்டாந்து என் மூஞ்சில அடிக்க வேண்டியதுதானே. பொம்பளைகிட்டக் குடுத்து விடறான்."

"அவரால தூக்க முடியலையாம்."

தொரிபியோ திட்ட வாயெடுத்தான். அப்போதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தான். நாபோர் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் பின்னால். வேடிக்கை பார்க்கிற சிறுபிள்ளைகளுக்கு நடுவே, அவர்களைவிடப் பயந்த முகத்தோடு. தொரிபியோ பாட்டிலைப் பார்த்தான், திரும்ப அவனைப் பார்த்தான். கூப்பிடவில்லை. கடைக்காரனிடம் சொல்லிப் பாட்டிலைக் கல்லாவுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் வைத்தான்.

"கறி வேணுமா?" என்று எதெல்மிராவைக் கேட்டான்.

"இப்ப நேரமில்ல. கூட்டம் இருக்கு."

"என்ன கூட்டம்?"

"டயர் கடை மாடில. இவரை மாதிரி ஆளுங்க வருவாங்க."

"இவனை மாதிரி இன்னும் இருக்காங்களா?" என்றான் தொரிபியோ. கிண்டலாகக் கேட்க நினைத்தான். வந்தது வேறு மாதிரி.

அவள் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாள். அவள் கையில் ஒன்றுமில்லை என்பதை நாபோர் முதலில் பார்த்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். இருவரும் மாடுகளுக்கு எதிர்த்திசையில் பஸ் நிலையம் பக்கம் நடந்தார்கள். திருவிழாவென்று டயர் கடை மூடியிருந்தது. மாடிப்படிக் கதவு திறந்திருந்தது. பின்னறையில் டாக்சிக்காரனும் வாத்தியாரும் மட்டும் வந்திருந்தார்கள். நாபோர் இந்தத் தடவை ஓரத்து நாற்காலிக்குப் போகவில்லை. அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, டாக்டர் வருமுன்பே பேச ஆரம்பித்தான்.